பத்து டெலிபோன், பத்து லட்சம் அழைப்பு!

"உன் கவிதையை யார் கேட்கப்போகிறார்கள்?"

இந்தக் கேள்வி உன் காதில் விழாமல் இருந்திருக்காது. வீட்டில் கேட்டிருப்பார்கள். அலுவலகத்தில் கேட்டிருப்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "இதெல்லாம் சோறு போடுமா தம்பி?" என்று விசாரித்திருப்பார். போகட்டும். ஊர் வாயை மூட உலை மூடி இல்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு அதே கேள்வியை நீயே உன்னிடம் கேட்டுக்கொள்கிறாயே, அங்கேதான் அடி விழுகிறது. பக்கத்து இலைக்காரரால் உன் பேனாவைப் பிடுங்க முடியாது. உன்னால் முடியும்!

கவிதைக்கு மட்டுமா இந்தக் கேள்வி? பாட்டு, பறை, நாடகம், ஓவியம், குறும்படம் என்று எதில் கை வைத்தவரையும் இது துரத்துகிறது. துரத்தத் துரத்த ஓடிப்போனவர்கள் ஆயிரம் பேர். திரும்பி நின்று அதற்குப் பதில் சொன்னவர்கள் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் பேசிப் பதில் சொல்லவில்லை. பத்து டெலிபோன் இணைப்புகளைப் போட்டார். "கேட்கிறவர்கள் இதோ இருக்கிறார்கள், எண்ணிக்கொள்ளுங்கள்" என்று காட்டினார். அவர் தொடங்கிய சின்னஞ்சிறு கலை அமைப்பு, அவர் மறைந்த பிறகும் இன்று வரை உயிரோடு இருக்கிறது.

தம்பி, தங்கையே, அந்தக் கதையைக் கேள். கேட்டுவிட்டுக் கைதட்டுவதற்காக அல்ல. எழுந்து நிற்பதற்காக!

ஒன்பது பேர் வந்த படம்

ஜான் ஜியோர்னோ 1936-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து குடியேறிய வம்சம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1958-இல் பட்டம் வாங்கினார். வால் ஸ்ட்ரீட்டில் பங்குத் தரகர் வேலை கிடைத்தது. "பையன் செட்டிலாகிவிட்டான்" என்று நம் வீடுகளில் மூச்சு விடுவார்களே, அப்படிப்பட்ட வேலை. பகலெல்லாம் பங்கு விலை, மனசெல்லாம் கவிதை. சில வருஷத்தில் வேலையை விட்டார்.

உடனே ராஜினாமாக் கடிதம் எழுத உட்காராதே! வேலையை விட்டவர்கள் எல்லாம் கலைஞராகிவிட்டதில்லை. வேலையில் இருந்தபடியே எழுதிச் சாதித்தவர்களுக்கும் பஞ்சமில்லை. ஜியோர்னோவின் பெருமை வேலையை விட்டதில் இல்லை. விட்ட பிறகு அவர் சும்மா இருக்கவில்லை, அதில்தான் இருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் அவருக்கு வாய்த்த நண்பர்கள் சாதாரணப்பட்டவர்கள் அல்ல. அவர்களில் ஒருவர் ஓவியர் ஆண்டி வார்ஹோல். அவர் கேமராவை எடுத்துக்கொண்டு வந்து ஜியோர்னோ தூங்குவதைப் படமாக்கினார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் ஒரு மனிதன் தூங்குகிறான், அவ்வளவுதான். படத்தின் பெயரும் 'ஸ்லீப்' தான். 1964 ஜனவரியில் நியூயார்க்கில் முதல் முறை திரையிட்டபோது வந்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் இரண்டு பேர் முதல் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் ஏழு பேர்!

இன்று சோதனைப் படங்களின் வரலாற்றை எழுதுகிற யாரும் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. உன் வாசிப்புக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள் என்று முகத்தைத் தொங்கப் போட்டாயே, கணக்குப் போட்டுப் பார். உனக்குக் கூட்டம் அதிகம்!

குறை வாசகனிடம் இல்லை

ஜியோர்னோ தன்னைச் சுற்றிப் பார்த்தார். ஓவியர்கள் படச்சட்டத்தை உடைத்துவிட்டு வெளியே வந்திருந்தார்கள். ராபர்ட் ரோஷன்பெர்க் படுக்கை விரிப்பின் மேலேயே வண்ணத்தைப் பூசிச் சுவரில் மாட்டினார். ஜான் கேஜ் 1952-லேயே ஒரு ஸ்வரமும் வாசிக்காத இசைப் படைப்பை மேடையேற்றியிருந்தார். நடனக்காரர்கள் அரங்கத்தை விட்டுத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். கவிஞர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒல்லியாக ஒரு தொகுப்பு, தெரிந்தவர்களுக்கு இலவசப் பிரதி, மைக்கைப் பிடித்து முணுமுணுவென ஒரு வாசிப்பு. மற்ற கலைகளைவிடக் கவிதை 75 வருஷம் பின்தங்கிக் கிடக்கிறது என்பது அவர் போட்ட கணக்கு.

இந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் வழக்கமாகச் சறுக்குவோம். "மக்களுக்கு ரசனை செத்துப்போச்சு சார்!" என்று பெருமூச்சு விடுவோம். நாலு பேர் சேர்ந்து பெருமூச்சு விட்டால் அதற்கு இலக்கியக் கூட்டம் என்று பெயரும் வைத்துவிடுவோம். ஜியோர்னோ வாசகனைத் திட்டவில்லை. கவிதை அவனிடம் போய்ச் சேருகிற வழி அடைபட்டிருக்கிறது என்று கண்டார். வழி அடைபட்டால் வேறு வழி வெட்டு, அவ்வளவுதானே!

1965-இல் 'ஜியோர்னோ போயட்ரி சிஸ்டம்ஸ்' என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். கவிதையைத் தீப்பெட்டி அட்டையில் அச்சிட்டார். டி-ஷர்ட்டில் அச்சிட்டார். ஜன்னல் திரைச்சீலையில் அச்சிட்டார். ஒலிநாடாவை வெட்டி ஒட்டிக் கவிதைக்கு எதிரொலி சேர்த்தார். சிந்தசைசர் கருவியைச் செய்து புகழ்பெற்ற ராபர்ட் மூக்கோடு சேர்ந்து, ஒலிக்கும் ஒளிக்கும் நடுவே ஆட்களை உட்காரவைத்துக் கவிதை கேட்கவைத்தார். கவிஞனுக்கு எலக்ட்ரானிக்ஸில் என்ன வேலை என்று யாரும் கேட்டிருந்தால், அவர் காதில் அது விழுந்த மாதிரித் தெரியவில்லை.

போனை எடுத்தால் கவிதை

1968-இல் ஒரு நாள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை பளிச்சிட்டது. இந்தக் குரல் எவ்வளவு நெருக்கமாகக் காதுக்குள் வந்து பேசுகிறது! இதே குழாய் வழியாக வம்பு வருகிறது, கடன்காரன் குரல் வருகிறது. ஒரு கவிதை வரக்கூடாதா?

1969 ஜனவரியில் 'டயல்-எ-போயம்' தொடங்கியது. நியூயார்க்கின் ஆர்கிடெக்சுரல் லீக் என்ற கட்டடக்கலை அமைப்பு இடம் கொடுத்தது. பத்து டெலிபோன் லைன்கள். ஒவ்வொரு லைனுக்கும் ஓர் ஆன்சரிங் மிஷின். இன்று சட்டைப் பைக்குள் கிடக்கிற வசதி அன்று டேப் சுழலும் கனத்த பெட்டி. யாராவது அந்த எண்ணுக்கு டயல் செய்தால் மணி அடிக்கும், மிஷின் எடுக்கும், டேப் ஓடும், ஒரு கவிஞர் தன் சொந்தக் குரலில் வாசிப்பார். ஓரிரு நிமிஷம். முடிந்ததும் லைன் துண்டிக்கும். மறுபடி டயல் செய்தால் வேறு மிஷின், வேறு குரல், வேறு கவிதை. மறுநாள் வேறு டேப்புகள். ஆலன் கின்ஸ்பெர்க் போன்ற பேர்போன கவிஞர்களும் ஒலித்தார்கள். ஊருக்கு இன்னும் தெரியாத இளைஞர்களும் அவர்களுக்குச் சமமாக ஒலித்தார்கள். டயல் செய்கிறவருக்கு எந்தக் குரல் வாய்க்கும் என்பது அதிர்ஷ்டம்.

பத்திரிகையில் செய்தி வந்தது. லைன்கள் திணறிப் போயின. சில மாதங்களில் பத்து லட்சத்துக்கு மேல் அழைப்புகள்!

யார் அழைத்தார்கள் தெரியுமா? அழைப்புகள் எந்த நேரத்தில் குவிகின்றன என்று ஜியோர்னோ கவனித்து எழுதிவைத்தார். பகல் 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரைதான் உச்சம். அதாவது, நியூயார்க்கின் அலுவலகக் கட்டடங்களில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் அதிகாரிகளும்! மேலதிகாரி பார்க்கும்போது ஏதோ வேலையாகப் பேசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, காதில் கவிதை கேட்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டம் இரவு எட்டரைக்கு மேல், சாப்பாடு முடித்தவர்கள். அதற்கடுத்தது, நள்ளிரவு தாண்டித் தூக்கம் வராதவர்கள்.

இவர்கள் யாரும் இலக்கியக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். கவிதைப் புத்தகக் கடையில் இவர்களைப் பார்த்திருக்க முடியாது. "ரசனை செத்த மக்கள்" என்று யாரை நாம் கைகழுவி விடுகிறோமோ, அதே மக்கள்! அவர்களுக்குப் பசி இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் சோறு வைக்க ஆள் இல்லை. ஓர் ஆள் வைத்தார். பத்து லட்சம் கை நீண்டது.

"கேட்பார் இல்லை" என்று இனி ஒரு தடவை சொல்வதற்கு முன்னால் உன்னையே கேள்: அவர்கள் இருக்கும் இடத்துக்கு நான் போனேனா? அவர்களுடைய ஓய்வு நேரம் எது என்று எனக்குத் தெரியுமா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் ஊரைக் குற்றம் சொல்ல உனக்கு உரிமை இல்லை!

காசு தீர்ந்தது, கதை தீரவில்லை

எல்லாம் சுபம் என்று நினைக்காதே. அழைப்பு குவிந்தது, காசு குவியவில்லை. கேட்கிறவருக்குக் கவிதை இலவசம். லைனுக்கும் மிஷினுக்கும் யார் கட்டுவது? ஐந்தே மாதத்தில் பணம் தீர்ந்து முதல் சுற்று நின்றது. அந்தக் கவிதைகளில் உடலைப் பற்றிய பேச்சு இருந்தது, வியட்நாம் போருக்கு எதிரான கோபம் இருந்தது, கறுப்பினப் போராளிகளின் குரல் இருந்தது. ஆபாசம் என்று ஒரு பக்கம் புகார். அரசியல் என்று மறுபக்கம் முணுமுணுப்பு.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? "நல்லதுக்குக் காலமில்லை" என்று ஒரு பதிவு போட்டுவிட்டுப் படுத்திருப்பாயா? அவர் மிஷின்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினார். அதே 1969 கடைசியில் சிகாகோவின் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் டயல்-எ-போயம் மறுபடி ஒலித்தது. 1970-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 'இன்ஃபர்மேஷன்' என்ற பெரிய கண்காட்சியை நடத்தியது. அதற்குள் டெலிபோன் கவிதை போய் உட்கார்ந்துகொண்டது. ஐந்து மாதத்தில் நின்றுபோன முயற்சி, ஒன்றரை வருஷத்தில் உலகின் முக்கியமான அருங்காட்சியகம் ஒன்றுக்குள் நுழைந்தது!

நின்றுபோவது தோல்வி என்று உனக்கு யார் சொன்னது? பணம் தீர்ந்தால் பணம்தான் தீர்ந்தது. நீ தீரவில்லை. இந்த வித்தியாசம் புரியாமல் எத்தனை சிற்றிதழ், எத்தனை நாடகக் குழு, எத்தனை இசைக்குழு முதல் தடங்கலிலேயே சுருண்டு படுத்திருக்கின்றன!

தட்டின் நாலாவது பக்கம்

போன் கவிதை நேரத்தோடு கரைந்துவிடும். அதை நிலைநிறுத்த ஜியோர்னோ இசைத்தட்டுக்குப் போனார். 1972-இல் முதல் இரட்டை எல்.பி. வந்தது. அடுத்த பதினைந்து, பதினாறு வருஷங்களில் ஏறத்தாழ 40 வெளியீடுகள். வில்லியம் பர்ரோஸ், ஆன் வால்ட்மன், அமிரி பராகா, பேட்டி ஸ்மித், பிலிப் கிளாஸ், ஜான் கேஜ், ஃபிராங்க் ஜாப்பா என்று நாவலாசிரியரும் ராக் பாடகியும் செவ்வியல் இசையமைப்பாளரும் ஒரே உறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். எந்தக் கம்பெனியும் அப்படி ஒரு பட்டியலைக் கனவிலும் போட்டிருக்காது.

அவற்றில் 1981-இல் வந்த ஓர் இரட்டைத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதிசயம் புரியும். மூன்று பேர் சேர்ந்து வெளியிட்டது: இசைக் கலைஞர் லாரி ஆண்டர்சன், ஜியோர்னோ, பர்ரோஸ். இரண்டு தட்டுக்கு நாலு பக்கம். முதல் மூன்று பக்கம் ஆளுக்கொன்று. நாலாவது பக்கம் யாருக்கு? சண்டை வரக்கூடிய இடம் இது! அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாலாவது பக்கத்தில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று தடங்களை அருகருகே செதுக்கவைத்தார்கள். ஊசியை வைக்கும்போது அது எந்தத் தடத்தில் விழுகிறதோ அவருடைய குரல் ஒலிக்கும். எடுத்து மறுபடி வைத்தால் வேறொருவர் ஒலிக்கலாம். முதலில் யார், கடைசியில் யார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அழைப்பிதழில் யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று உடைந்துபோன சங்கங்களின் கதை உனக்குத் தெரியும்தானே? பொன்னாடை யாருக்கு முதலில் என்ற தகராறில் கலைந்த விழாக்களைப் பார்த்திருப்பாய். தன்மேல் நம்பிக்கை இல்லாதவன்தான் பேர் வரிசைக்குச் சண்டை போடுவான். தன் குரல் நிற்கும் என்று தெரிந்தவன் பக்கத்தில் இன்னொரு குரலுக்குத் தடம் வெட்டிக் கொடுப்பான். ஜியோர்னோ அந்தப் பத்து மிஷினிலும் தன் கவிதையையே ஓடவிட்டிருந்தால், ஒரே வாரத்தில் ஊர் போனைக் கீழே வைத்திருக்கும். இன்று அவர் பேர் நமக்குத் தெரிந்திருக்காது.

இதை எழுதி வைத்துக்கொள். நீ உன்னை நம்புகிறாய் என்பதற்கு அத்தாட்சி, நீ எத்தனை பேருக்கு இடம் கொடுத்தாய் என்பதுதான்!

நண்பன் சாகும்போது கவிதை என்ன செய்யும்?

1981-இல் அமெரிக்காவில் ஒரு புதிய நோயின் செய்தி வந்தது. நியூயார்க்கின் கலை உலகம் அந்த நோயில் ஆட்களை வாரிக் கொடுத்தது. எய்ட்ஸ். தொடப் பயந்தார்கள். வேலையிலிருந்து தள்ளினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்துக்கு அங்கீகாரம் கிடைத்ததே 1987-இல்தான். அதுவரை செத்தவர்கள் கையில் மாத்திரை இல்லாமல் செத்தார்கள்.

ஜியோர்னோ தன்பாலீர்ப்பாளர், அதைக் கவிதையிலும் வாழ்க்கையிலும் மறைத்ததில்லை. விழுந்துகொண்டிருந்தவர்கள் அவருடைய நண்பர்கள். அவர் இரங்கற்பா எழுதுவதோடு நிற்கவில்லை. 1984-இல் தன் அமைப்புக்குள்ளேயே எய்ட்ஸ் நோயாளிகளுக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கினார். இசைத்தட்டு வருமானமும், கலைஞர்கள் விட்டுக்கொடுத்த ராயல்டியும் அங்கே போயின. எதற்குக் கொடுத்தார்கள்? வாடகை பாக்கிக்கு. டெலிபோன் பில்லுக்கு. கரண்ட் பில்லுக்கு. சாப்பாட்டுக்கு. நர்ஸுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற டாக்ஸிக் கூலிக்கு. பணமாகவே கையில் கொடுத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? 'கலை சோறு போடுமா?' என்று கேட்ட அந்தப் பந்திக்காரருக்கு இதுதான் பதில். போட்டது! கவிதைத் தட்டு விற்ற காசு, சாகக் கிடந்தவன் வீட்டு வாடகையைக் கட்டியது. பெரிய ஆஸ்பத்திரிகளும் அரசாங்கமும் தயங்கி நின்ற நேரத்தில், ஒரு கவிஞர் நடத்திய சின்ன அமைப்பு தயங்கவில்லை. சின்ன அமைப்புக்கு ஒரு பலம் உண்டு. பத்து மேஜை தாண்டி ஃபைல் நகர வேண்டியதில்லை. மனசு சொன்னால் மறுநாள் கை நீளும்.

அவர் மட்டும்தானா?

"அவர் நியூயார்க்கில் இருந்தார், வார்ஹோல் நண்பர், அதனால் முடிந்தது" என்று உன் மனசு ஓரத்தில் ஒரு சாக்கு முளைக்கிறதா? அதையும் கிள்ளிவிடுவோம்.

அதே ஊரில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள் இருந்தன. ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் கலந்த அவர்களுடைய பேச்சைக் கேலி செய்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சிலேயே கவிதை எழுதியவர்களுக்கு எந்த அரங்கமும் கதவைத் திறக்கவில்லை. 1973-இல் மிகேல் அல்கரின் என்ற கவிஞர் தன் வீட்டு வரவேற்பறையைத் திறந்துவிட்டார். வீடு கொள்ளாமல் கூட்டம் வழிந்தது. வாடகைக்கு இடம் பிடித்தார்கள். 1980-இல் சொந்தமாகக் கட்டடம் வாங்கினார்கள். இன்று உலகக் கவிதை மேடைகளில் பேர்பெற்ற நியூயோரிக்கன் போயட்ஸ் கஃபே அதுதான். தொடக்கம்? ஒரு வரவேற்பறை!

அதே நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் 1966-இல் 'போயட்ரி ப்ராஜெக்ட்' என்ற கவிதை அமைப்பு தொடங்கியது. 1974 முதல் புத்தாண்டு நாளில் அங்கே மாரத்தான் வாசிப்பு நடக்கிறது. கவிஞரும் பாடகரும் நடனக்காரரும் மாறி மாறி மேடையேறுவார்கள், ஆளுக்குச் சில நிமிஷம்.

ஜியோர்னோவின் முகவரியையும் பார். பவரி தெரு, 222-ஆம் எண். 1880-களில் இளைஞர் மன்றமாகக் கட்டிய பழைய செங்கல் கட்டடம். அந்தத் தெரு அன்று குடிகாரர்களும் வீடற்றவர்களும் விழுந்து கிடந்த தெரு. யாரும் விரும்பாத அந்த இடத்தில்தான் இத்தனையும் நடந்தது.

சாக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா? வயசாகிவிட்டது என்கிறாயா? நாற்பதைத் தாண்டிய பிறகு 1980-களில் அவர் ராக் இசைக்குழுவோடு மேடையேறினார். கவிதைகளை மனப்பாடம் செய்து, உடம்பெல்லாம் அதிர நின்று சொன்னார். எழுபதைத் தாண்டிய பிறகும் மேடையை விடவில்லை. 2019 அக்டோபரில், 82 வயதில் மறைந்தார்.

எழுந்து நில், இதைச் செய்!

உணர்ச்சிவசப்பட்டது போதும். காரியத்துக்கு வா.

முதலாவது, நாள் குறி. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்றால் இரண்டாவது சனிக்கிழமைதான். மழை வந்தாலும் கூட்டம், மேட்ச் இருந்தாலும் கூட்டம், மூன்று பேர் வந்தாலும் கூட்டம். நீ தவறாமல் நடத்துகிறாய் என்று ஊர் நம்பிய பிறகுதான் ஊர் வரும். அதற்கு முன்னால் வராது. வர வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

இரண்டாவது, ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போ. ஏசி அரங்கத்துக்கு வாடகை கொடுத்துக் கடனாளி ஆகாதே. கிளை நூலகத்தின் வாசல், பள்ளிக்கூடத்து மரத்தடி, மொட்டை மாடி, டீக்கடை பெஞ்சு, எது கிடைத்தாலும் அரங்கம். அன்று ஜியோர்னோ பத்து லைனுக்கும் பத்து மிஷினுக்கும் நன்கொடை தேடி அலைந்தார். இன்று உன் பையில் கிடக்கிற செல்போன் ஒலிப்பதிவு செய்யும், படம் எடுக்கும், ஊர் முழுக்க அனுப்பும். அவரிடம் இல்லாத வசதி உன்னிடம் இருக்கிறது. அவரிடம் இருந்த பிடிவாதம் இருக்கிறதா, அதைச் சொல்!

மூன்றாவது, உன் கலையோடு மட்டும் குடித்தனம் நடத்தாதே. கவிஞனே, மிருதங்கக்காரனைத் தேடிப் போ. ஓவியம் வரைகிற தங்கையே, தெருக்கூத்துக் கலைஞரிடம் போய் உட்கார். சவுண்ட் சர்வீஸ்காரரை நண்பராக்கிக்கொள்; ஒலியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. கலைக்குக் கலை வேலி போட்டுக்கொண்டு வாழ்ந்தால் இரண்டும் வாடும்.

நான்காவது, கணக்கு எழுது. ஐம்பது ரூபாய் நன்கொடைக்கும் ரசீது. டீச் செலவும் நோட்டில். கலைஞனுக்குக் கணக்கு வராது என்று பெருமை பேசுகிறவனை நம்பிக் காசு கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். முயற்சி வேர் பிடித்ததும் பதிவு செய். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். ஏழே பேர்! 'ஸ்லீப்' படத்தின் முதல் ஒரு மணி நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தவர்களின் எண்ணிக்கை. பதிவுக்குப் பிறகு, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கும்படி வருமான வரித் துறையின் அங்கீகாரத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஐந்தாவது, பெட்டியில் முதல் ஆயிரம் ரூபாய் சேர்ந்ததும் ஒன்று செய். அதில் ஒரு பங்கை, கஷ்டத்தில் இருக்கிற ஒரு மூத்த கலைஞருக்குக் கொடு. மருந்துக்கோ, கண் கண்ணாடிக்கோ, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ. சால்வை போர்த்தாதே, போட்டோ எடுக்காதே, கொடு. அந்த நாளில்தான் உன் அமைப்பு உண்மையில் தொடங்குகிறது.

கடைசியாக ஒன்று

தட்டிக் கொடுக்க ஆள் வரும் என்று காத்திருந்து நரைத்தவர்களை எனக்குத் தெரியும். விருதுக் குழு கூப்பிடும், பதிப்பகம் கூப்பிடும், சபா கூப்பிடும், சினிமா கூப்பிடும் என்று அவர்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜியோர்னோவும் போனைத்தான் பார்த்தார். அவர் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. ஊர் தன்னை அழைக்கும்படி செய்தார். வாழ்க்கையில் இரண்டே வகைக் கலைஞர்கள். ஒருவன் அழைப்பு வரவில்லை என்று அழுகிறவன். இன்னொருவன் எண்ணை ஊருக்கு அறிவிக்கிறவன். நீ யார் என்பதை உன் ஜாதகம் தீர்மானிக்காது, உன் அடுத்த சனிக்கிழமை தீர்மானிக்கும்.

திறமை இருக்கிறதா என்ற சந்தேகம் வரும். எல்லோருக்கும் வரும். அதை உட்கார்ந்து யோசித்துத் தீர்த்துக்கொள்ள முடியாது. நாலு பேர் முன்னால் நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தீர்த்துக்கொள்ள முடியும். நன்றாக இல்லையென்றால் திருத்து. மறுபடி நில். மறுபடி திருத்து. முயற்சி திருவினையாக்கும் என்பதைப் பரீட்சைத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கினோமே, இப்போது உடம்பால் எழுது!

இந்தக் கட்டுரையை மூடி வைத்தவுடன் மூன்று பேருக்குப் போன் போடு. ஒருவர் எழுதுகிறவர், ஒருவர் பாடுகிறவர் அல்லது வாசிக்கிறவர், ஒருவர் கணக்கில் கெட்டிக்காரர். "வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணி, எங்கள் வீட்டு மொட்டை மாடி, வந்துவிடு" என்று சொல். வேறெதுவும் விளக்காதே. ஒருவர்தான் வந்தாலும் தொடங்கு. யாரும் வராவிட்டாலும் உன் கவிதையை உரக்க வாசி, பதிவு செய், வராத மூன்று பேருக்கும் அனுப்பு. அடுத்த சனிக்கிழமை மறுபடி கூப்பிடு.

இப்போதே கூப்பிடு!